கைபேசி ஏற்றுமதியின் பலன் சிறு பட்டறைகளுக்கும் வர வேண்டும்: தொழில் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழில், முதலீட்டு ஊக்குவிப்பு மற்றும் வணிகத் துறைக்கும், குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறைக்கும்,

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஜிக், ஃபிக்ஸ்சர் (ஒரு பொருளை அசையாமல் பிடித்து வேலை செய்யவும் சோதிக்கவும் உதவும் சாதனங்கள்) செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருபவன் நான். நெடுங்காலம் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கே வேலை செய்துவந்த எங்களைப் போன்றவர்கள், கடந்த சில ஆண்டுகளாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் இருக்கும் மின்னணுத் தொழிற்சாலைகளின் வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து உங்கள் இரு துறைகளிடமும் ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போகும் கைபேசியின் மதிப்பில் ஒரு பங்கு இங்குள்ள சிறு பட்டறைகளிலும் உருவாக வேண்டும் என்றால், அரசு தரும் ஊக்கத்தொகையின் விதிகளில் மூன்று இடங்களில் திருத்தம் தேவைப்படுகிறது. திட்டத்துக்குள் நுழைவதற்கான முதலீட்டு அளவு, வேலை செய்த பணம் கைக்கு வரும் காலம், சோதனைச் சான்று பெறும் வசதி ஆகியவையே அந்த மூன்றும்.

முதலில், நடந்திருக்கும் வளர்ச்சியை முழு மனதோடு பாராட்ட வேண்டும். 2020-21இல் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 166 கோடி டாலர். 2022-23இல் அது 537 கோடி டாலராகவும், அடுத்த ஆண்டில் 956 கோடி டாலராகவும், 2024-25இல் 1,465 கோடி டாலராகவும் உயர்ந்தது. நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இன்று நம் மாநிலத்திலிருந்து போகிறது. 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் இதற்கு ஒரு காரணம் என்றால், அந்தத் திட்டத்தின் கீழ் வரவிருந்த ஆலைகளுக்கு நிலமும் மின்சாரமும் தண்ணீரும் சாலையும் மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் வழியாகத் தயாராக இருந்தது இன்னொரு காரணம். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை 2024 ஆகஸ்டில் திறந்ததும் இந்த வரிசையில் சொல்லத் தக்கதே. 2021 டிசம்பரில் தனியார் விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டுத் தொழிலாளப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததும், அவர்கள் சாலையில் அமர்ந்து போராடியதும், அவர்கள் வேலை செய்த, ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. ஒரு குறை வெளிப்பட்டபோது அதை அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு கட்டடமாகவே எழுப்பிக் காட்டியதால்தான், சிறு பட்டறைகளின் குறையையும் அதே அக்கறையோடு கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இந்த வளர்ச்சி எதன்மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024-25இல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான கைபேசிகளின் மதிப்பு சுமார் 2 லட்சம் கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி ஆப்பிள் என்ற ஒரே நிறுவனத்தின் ஐபோன்கள். அதே ஆண்டில் வெளிநாடு போன திறன்பேசிகளில் மதிப்பின்படி நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அமெரிக்கா என்ற ஒரே சந்தைக்குப் போயின. ஒரு பொருள், ஒரு நிறுவனம், ஒரு சந்தை என்ற நிலை எவ்வளவு வேகமாக வளர உதவுகிறதோ அவ்வளவு வேகமாக ஆட்டம் காணவும் கூடியது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா வரி உயர்வை அறிவித்த நாட்களில், சென்னை விமான நிலையத்தில் சுங்கப் பரிசோதனை நேரத்தை 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைத்து, சரக்கு விமானங்களில் டன் கணக்காக ஐபோன்களை அவசரமாக ஏற்றி அனுப்பினார்கள். அந்த வாரங்களில் எங்களைப் போன்றவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. பிறகு ஏப்ரல் 11ஆம் தேதி திறன்பேசிகளுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு கிடைத்தது. விலக்கு கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும்போது, ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் எல்லோருக்கும் நினைவு வருவது நோக்கியாதான்.

2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, உலகின் மிகப் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்து, உச்சத்தில் நேரடியாகவே ஏறத்தாழ 8,000 பேருக்கு வேலை கொடுத்தது. நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேராமல் தனியே நின்றுபோனது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பி வந்திருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரிலேயே நின்றது. ஒரு பெரிய ஆலை போனதும் அதைச் சுற்றி வந்த ஆலைகளில் சிலவும் போயின என்றால், அவை இந்த மண்ணில் வேறு வாடிக்கையாளர் இல்லாத, வேறு வேலைக்கு மாற முடியாத ஆலைகளாக இருந்தன என்றுதான் பொருள். பின்னாளில் அந்த வளாகத்தை எடுத்துக்கொண்ட சால்காம்ப் இன்று சார்ஜர் செய்து வருகிறது என்பது ஆறுதல். இடையில் வேலை இழந்தவர்களுக்கு அந்த ஆறுதல் பல ஆண்டுகள் தாமதமாகவே வந்தது.

வண்டித் தொழிலில் இப்படி நடக்கவில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஃபோர்டு நிறுவனம் மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்தியபோது அடி பலமாகத்தான் விழுந்தது. ஆனால் அவர்களுக்கு வார்ப்பும் அழுத்தத் தகடும் செய்துகொண்டிருந்த சிறு நிறுவனங்களில் பல, ஹூண்டாய்க்கும் ரெனோ நிசானுக்கும் இருசக்கர வண்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்து பிழைத்துக்கொண்டன. பெரிய நிறுவனம், அதற்கு நேரடியாகப் பாகம் கொடுப்பவர், அவருக்குப் பாகம் கொடுப்பவர், அவருக்கு டை (தகட்டை வடிவமாக்கும் அச்சு) செய்து கொடுக்கும் பட்டறை என்று நான்கைந்து படிகள் அந்தத் தொழிலில் உண்டு. கிண்டியும் அம்பத்தூரும் பாடியும் அரை நூற்றாண்டாக அந்தப் படிகளில்தான் நிற்கின்றன. மின்னணுத் தொழிலில் மேல் படி நம் ஊரில் இருக்கிறது, கீழ்ப் படிகள் பெரும்பாலும் சீனாவின் ஷென்சென்னிலும் சூஜோவிலும் இருக்கின்றன. திரை, கேமரா, நினைவகச் சில்லு, செயலி எல்லாம் வெளியிலிருந்து வந்து இங்கே சேர்க்கப்படுகின்றன. ஏற்றுமதி மதிப்பில் உள்நாட்டில் சேரும் பங்கு ஐந்தில் ஒன்றுக்கு அருகில்தான் என்று இத்துறையில் பேசிக்கொள்கிறார்கள். 1980களில் சென்னையிலேயே சாலிடேரும் டயனோராவும் தொலைக்காட்சிப் பெட்டி செய்து விற்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு, பெயரளவில் இங்கே செய்யப்படும் பொருளுக்கும் வேரோடு இங்கே செய்யப்படும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இதை அரசும் உணர்ந்திருக்கிறது. ஒன்றிய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாயில் மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததும், அடுத்த மாதமே தமிழ்நாடு தன் சொந்தத் திட்டத்தை அறிவித்து, ஒன்றிய அரசு தரும் தொகைக்கு ஈடான தொகையைத் தானும் தரும் என்றது. வேறு மாநிலங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது எடுத்த துணிவான முடிவு அது. பலனும் உடனே தெரிந்தது. ஒன்றிய அரசு முதல் சுற்றில் ஒப்புதல் கொடுத்த 7 திட்டங்களில் 5 தமிழ்நாட்டில் அமைபவை. பல அடுக்கு மின்சுற்றுப் பலகை, கேமரா தொகுதி, பலகைக்கு மூலப்பொருளான செம்புத் தகடு போர்த்திய லாமினேட் என்று நாம் இதுவரை பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்கிவந்த பொருட்கள் அவற்றில் இருக்கின்றன.

என் முதல் கோரிக்கை இங்கேதான் வருகிறது. ஒன்றிய அரசின் திட்டத்தில் பல அடுக்கு மின்சுற்றுப் பலகைக்குக் குறைந்தபட்ச முதலீடு 50 கோடி ரூபாய். கைபேசி மேலுறைக்கு 500 கோடி. உதிரிபாகம் செய்யத் தேவைப்படும் இயந்திரங்களுக்கும் துணைப் பாகங்களுக்கும் உள்ள மிகச் சிறிய வாசலே 10 கோடி. தமிழ்நாட்டின் திட்டம் ஒன்றிய அரசின் தொகைக்கு ஈடுகொடுப்பது என்பதால் அதே வாசல்தான் இங்கும் பொருந்துகிறது. இரண்டு விஎம்சி, ஒரு ஒயர்கட், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், இரண்டு லேத் என்று உலோகத்தை வெட்டித் தேய்க்கும் இயந்திரங்களை வைத்திருக்கும் பட்டறையின் மொத்த இயந்திர மதிப்பே அந்த 10 கோடியில் பாதியைத் தொடாது. அடுத்த கட்டத்துக்குப் போக அந்தப் பட்டறைக்காரனுக்குத் தேவைப்படுவது ஒரு நல்ல அதிவேக மில்லிங் இயந்திரம், கூடவே குளிரூட்டிய அளவீட்டு அறை. அதாவது ஒன்றரை, இரண்டு கோடி ரூபாய். அந்த அளவு முதலீட்டுக்கு இன்று கிடைப்பது பல தொழில்களுக்கும் பொதுவாகத் தரும் மூலதன மானியம்தான். மின்னணுத் தொழிலின் துல்லியத் தேவைக்கென்று தனியாக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே மாநிலத் திட்டத்தில், ஒன்றிய அரசின் ஒப்புதலைச் சாராத ஒரு சிறு பிரிவை 1 கோடி முதல் 10 கோடி வரை முதலீடு செய்பவர்களுக்கெனத் திறக்க வேண்டும். அல்லது ஒரே சிட்கோ பேட்டையில் (மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சி நிறுவனம் நடத்தும் பேட்டையில்) இருக்கும் நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து விண்ணப்பித்தால் அவர்களின் முதலீட்டைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். இந்த இரண்டில் எது நடந்தாலும் எங்களுக்குப் போதும். அரசின் மொத்தச் செலவில் இது மிகச் சிறிய தொகையாகவே இருக்கும்.

இவ்வளவு சிறிய பட்டறைகளால் கைபேசித் தொழிலுக்கு என்ன செய்துகொடுக்க முடியும் என்ற கேள்வி உங்கள் அலுவலகத்தில் எழக்கூடும். எங்கள் மேசையில் இருக்கும் ஒரு பொருளையே எடுத்துச் சொல்கிறேன். மின்சுற்றுப் பலகையைச் சோதிக்கும் ஃபிக்ஸ்சர் அது. உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு இருக்கும். கண்ணாடியிழை கலந்த கறுப்புத் தகட்டில் பலகையின் வடிவத்துக்கேற்பக் குழி வெட்டி, அடியில் வில் வைத்த மெல்லிய ஊசிகளைப் பொருத்தியிருப்போம். லைனில் இருக்கும் பெண் பலகையை உள்ளே வைத்து மூடியை அழுத்தினால், ஒவ்வொரு ஊசியும் பலகையில் தனக்கென்று குறித்த புள்ளியைத் தொட வேண்டும். அந்தப் புள்ளி ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. ஊசிக்கான துளை நூறில் சில பங்கு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல பலகையை ஃபிக்ஸ்சர் பழுது என்று ஒதுக்கிவிடும். தகட்டில் நிலைமின்சாரம் சேரக் கூடாது. சேர்ந்தால் பலகையில் இருக்கும் சில்லு கண்ணுக்குத் தெரியாமல் செத்துப்போகும். ஒரு ஷிப்டில் அந்த மூடி ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் என்பதால் ஊசிகளையும், மூடியை நேராக இறங்க வைக்கும் வழிகாட்டி புஷ்களையும் அடிக்கடி மாற்ற வேண்டும். கைபேசி மாடல் மாறினால் ஃபிக்ஸ்சர் முழுவதுமே மாறும்.

இதுவரை இவை பெரும்பாலும் சீனாவிலிருந்து இயந்திரங்களோடு சேர்ந்தே வந்தன. 2025இல் அந்த வழி அடைபடத் தொடங்கியது. சீனா அந்த ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உற்பத்தி இயந்திரங்கள் சீனத் துறைமுகங்களிலேயே காத்துக் கிடப்பதாக இத்துறையினர் சொல்லத் தொடங்கினார்கள். ஜூலை மாதத்தில், ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திரும்பிப் போனதாகச் செய்தி வந்தது. அதுவரை எங்களை விலை கேட்க மட்டுமே அழைத்த ஒரு நிறுவனத்தின் பொறியாளர்கள், தேய்ந்துபோன ஃபிக்ஸ்சரைக் கையில் எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்கே வந்தார்கள். வரைபடம்கூட இல்லை, பொருளை அளந்துதான் செய்தோம். முதலில் செய்த சில லைனில் நிற்கவில்லை. தகட்டின் தரத்தை மாற்றி, துளையிடும் முறையை மாற்றிச் செய்தவை நின்றன. வேலை தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஒரு நெருக்கடி வந்ததால் எங்களுக்குத் திறந்த கதவு, நெருக்கடி தீர்ந்ததும் மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை.

அந்தக் கதவை மூட வைக்கும் முதல் காரணம் பணம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தொழிற்பேட்டையில் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இதுதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருத வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. ஏட்டில் இதைவிட வலுவான பாதுகாப்பு எந்தத் தொழிலுக்கும் இல்லை. நடப்பிலோ பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் சிறிய எழுத்தில் 90 நாள், 120 நாள் என்று அச்சிட்டிருப்பார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் ஆர்டர் அடுத்தவனுக்குப் போகும். பெரிய ஆலை நேரடியாக எங்களிடம் வாங்குவதில்லை. இடையில் ஒரு ஒப்பந்ததாரர் இருப்பார். அவருக்கு ஆலையிலிருந்து பணம் வந்த பிறகுதான் எங்களுக்குக் கொடுப்பார். என்னிடம் ஒரு நிறுவனம் வைத்த பாக்கி, பொருள் தேய்ந்து மாடலே மாறிய பிறகும் வராமல் கிடந்தது. அந்தக் காலம் முழுவதும் ஸ்டீல் கடைக்காரருக்கும் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்பவருக்கும் நான் வாரக் கணக்கில் பணம் கொடுத்தாக வேண்டியிருந்தது.

புகார் கொடுக்க வழி இருக்கிறது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஆகிய இடங்களில், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழுமங்களை அமைத்திருக்கிறீர்கள். 90 நாளுக்குள் தீர்வு காண வேண்டும் என்பது சட்டம். ஆனால் குழுமத்தின் படியேறும் பட்டறைக்காரர் அந்த வாடிக்கையாளரை அன்றோடு இழக்கிறார். ஆகவே பெரும்பாலும் தொழிலை மூடிய பிறகுதான் புகார் கொடுக்கிறார்கள். இது குழுமத்தின் குற்றமாகாது. பாதிக்கப்பட்டவரே வந்து சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருக்கும் குறை இது.

அதனால் சுமையைப் பட்டறையின் தோளிலிருந்து எடுத்து, அரசின் ஊக்கத்தொகையைப் பெறும் நிறுவனத்தின் தோளில் வைக்கும்படி கேட்கிறேன். 45 நாளைத் தாண்டிய பாக்கியைப் பற்றி ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிறுவன விவகார அமைச்சகத்துக்கு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) படிவம் 1ஐ நிறுவனங்கள் ஏற்கெனவே தாக்கல் செய்ய வேண்டும். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், சிறு நிறுவனங்களின் இன்வாய்ஸுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழ்நாடு அரசிடம் ஊக்கத்தொகை கோரி விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், தன்னுடைய படிவம் 1இன் நகலையும், ட்ரெட்ஸில் அந்த அரையாண்டில் எத்தனை சிறு நிறுவனங்களின் இன்வாய்ஸ்களை ஏற்றுக்கொண்டது என்ற விவரத்தையும், தன் முதல்நிலை ஒப்பந்ததாரர்கள் அதே கெடுவைப் பின்பற்றுகிறார்கள் என்ற உறுதிமொழியையும் இணைக்க வேண்டும் என்று ஒரு பத்தியைச் சேருங்கள். புதுச் சட்டம் தேவையில்லை, புது அலுவலகமும் தேவையில்லை. ட்ரெட்ஸில் பதிவு செய்துவிட்டு ஒரு இன்வாய்ஸைக்கூட ஏற்காமல் இருக்கும் நிறுவனங்கள் பல உண்டு. ஏற்றுக்கொண்டால்தானே வங்கி எங்களுக்கு முன்கூட்டியே பணம் தர முடியும்?

அடுத்தது சோதனை. ஒரு தட்டு, ஒரு மேலுறை, ஒரு ஸ்க்ரூ எதுவானாலும் ஏற்றுமதிப் பொருளுக்குள் போக வேண்டுமானால் ஈயம், காட்மியம் போன்றவை வரம்புக்குள் இருப்பதாக ஐரோப்பிய ரோஸ் விதிப்படி சான்று வேண்டும். முதல் மாதிரிக்கு முழு அளவீட்டு அறிக்கை வேண்டும். நிலைமின் தடை அளவு வேண்டும். சென்னையில் வசதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிண்டியில் எம்எஸ்எம்இ சோதனை மையமும் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டும் இருக்கின்றன. திருவான்மியூரில் ஒன்றிய அரசின் மின்னணுச் சோதனை மையம் இருக்கிறது. மின்காந்த இடையூறு சோதனைக்கு சமீர் நிறுவனத்தின் சென்னை மையம் இருக்கிறது. ஆனால் வாங்கும் நிறுவனம் இரண்டு நாளில் அறிக்கை கேட்கும்போது, வரிசையில் காத்திருக்க முடியாமல் தனியார் ஆய்வகத்துக்கு ஓடுகிறோம். சில நூறு துண்டு கொண்ட ஒரு சிறு ஆர்டரில் கிடைக்கும் லாபத்தை அந்த ஒரு அறிக்கையே தின்றுவிடுகிறது. அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஓசூர் ஆகிய மூன்று இடங்களிலாவது, முப்பரிமாண அளவீட்டு இயந்திரம், எக்ஸ்ரே முறையில் உலோகக் கலவையைப் பார்க்கும் கருவி, நிலைமின் சோதனை மேசை ஆகியவை கொண்ட பொது வசதி மையத்தை அமைத்து, மாலை நேர ஷிப்டிலும் திறந்து வையுங்கள். குறு, சிறு தொழில் தொகுப்பு (கிளஸ்டர்) திட்டத்தில் இதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. சங்கம் பங்குத்தொகையைத் திரட்டுவதற்கே ஆண்டுகள் போய்விடுகின்றன என்பதால், இந்தத் தொழிலுக்கு மட்டுமாவது எங்கள் பங்கைக் குறைத்து அரசே முன்னெடுக்க வேண்டும்.

இதை இப்போதே செய்யச் சொல்வதற்கு உலகச் சந்தையில் வந்திருக்கும் ஒரு மாற்றமும் காரணம். இதைப் பற்றி இங்கே அதிகம் பேச்சில்லை என்பதால் குறிப்பிட்டுச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கு யுஎஸ்பி சி சார்ஜர் வாய் கட்டாயமாகிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சூழல்சார் வடிவமைப்பு விதியின்படி, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு அதன் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், மின்கலம் 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துபவரே கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்பது பொது விதியாக வரப்போகிறது.

இவற்றை எங்கள் கண்ணால் பாருங்கள். பெரிய ஆலைக்கு லட்சக்கணக்கில் ஓடும் நடப்பு மாடல்தான் லாபம். ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய மாடலின் பின்மூடியையும் பட்டனையும் சிம் தட்டையும் ஆண்டுக்குச் சில ஆயிரம் என்ற கணக்கில் செய்துகொண்டிருக்க அதற்கு இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. மோல்டை (பாகத்தை வார்க்கும் அச்சை) பத்திரமாக வைத்து, துரு பிடிக்காமல் பராமரித்து, ஆர்டர் வரும்போது இறக்கி ஓட்டும் வேலை, அச்சும் கருவியும் செய்யும் சிறு டூல்ரூம்களுக்கென்றே செய்த வேலை. வண்டி உதிரிபாகத்தில் பழைய மாடல்களுக்கு நாங்கள் காலங்காலமாகச் செய்து வருவதும் இதையேதான். கோவையிலும் சென்னையிலும் இதைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் நிறைய. கைபேசி உதிரிபாகங்களின் இந்த நீண்ட காலச் சந்தை எந்த நாட்டுக்குப் போவது என்பது இன்னும் முடிவாகவில்லை. மாநில அரசின் முதலீட்டு ஊக்குவிப்பு அமைப்பான கைடன்ஸ் நிறுவனம் முதலீட்டாளர்களோடு பேசும்போது, புது ஆலையோடு சேர்த்து உதிரிபாகக் கிடங்கையும் பழுதுநீக்கும் பிரிவையும் இங்கே வைப்பதைப் பற்றியும் பேச வேண்டும்.

மலேசியாவின் பினாங்கு இதற்கு நல்ல முன்னுதாரணம். 1972இல் அங்குள்ள பயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தபோது அங்கேயும் வெளிநாட்டு நிறுவனங்கள் வெறும் சேர்ப்பு வேலைக்குத்தான் வந்தன. அந்நிறுவனங்களின் பொறியாளர்கள் உள்ளூர்ப் பட்டறைகளுக்கு ஜிக்கும் ஃபிக்ஸ்சரும் செய்யக் கொடுத்து, தவறுகளைச் சொல்லித் திருத்தி, பெரிய வேலைகளைப் படிப்படியாக ஒப்படைத்தார்கள். 1989இல் மாநில அரசும் நிறுவனங்களும் சேர்ந்து அங்கே ஒரு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. ஆலைகளே பாடத்திட்டத்தை வகுத்தன. இன்று தானியங்கிச் சோதனை இயந்திரங்களை வடிவமைத்து உலகுக்கு விற்கும் மலேசிய நிறுவனங்கள் பினாங்கில் பல இருக்கின்றன. நம்மிடமும் 71 அரசு ஐடிஐகள் தொழில் 4.0 (கணினியோடு இணைந்த நவீன தானியங்கி உற்பத்தி) மையங்களாகத் தரம் உயர்ந்திருக்கின்றன. அங்கே பயிலும் பிள்ளைகளுக்கு நல்ல இயந்திரத்தில் கை பழகுகிறது. அவர்களைத் தொழிற்பேட்டைப் பட்டறைகளோடு இணைக்கும் பாலம்தான் இல்லை. இரண்டு ஆண்டு எங்களிடம் வேலை கற்ற பையன், பேருந்தும் சாப்பாடும் தரும் பெரிய ஆலைக்கு ஆபரேட்டராகப் போய்விடுகிறான். அவன் போவதில் தவறே இல்லை. அவனை இருத்திக்கொள்ளும் சம்பளத்தை நாங்கள் கொடுக்கும் அளவுக்கு எங்களுக்கு வேலையும் பணமும் நேரத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

உள்ளூர்ப் பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவது உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கு ஒவ்வாது என்பதை அறிவேன். நான் அதைக் கேட்கவும் இல்லை. யாரிடம் பாகம் வாங்குவது என்பதை பிராண்டு நிறுவனமே வெளிநாட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்கிறது, இங்குள்ள ஆலைக்கு அதில் அதிகாரம் குறைவு என்பதும் தெரியும். ஆனால் ஃபிக்ஸ்சர், தட்டு, பேக்கிங், இயந்திர உதிரிபாகம் போன்றவை கைபேசிக்குள் போகாத பொருட்கள். அவற்றை வாங்கும் அதிகாரம் பெரும்பாலும் இங்குள்ள ஆலை மேலாளரிடமே இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம். உள்ளூர்ச் சிறு நிறுவனங்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், அவர்களின் மாதிரிகளைச் சோதிக்கவும் ஒரு ஆலை செய்யும் செலவை, அதற்குத் தரும் ஊக்கத்தொகைக் கணக்கில் தகுதியுள்ள செலவாக ஏற்றுக்கொள்ளலாம். அதில் கட்டாயம் எதுவும் இல்லை. செய்பவருக்குச் சலுகை உண்டு, அவ்வளவுதான்.

உங்கள் இரு துறைகளின் அதிகாரிகளும் ஒரே நாளில் ஒரே மேசையில் அமர்ந்து, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், செங்கல்பட்டு ஆலைகளின் கொள்முதல் மேலாளர்களையும் தொழிற்பேட்டைச் சங்கங்களையும் அழைத்துப் பேசினால், மேலே சொன்னவற்றில் பாதி அங்கேயே முடிந்துவிடும். கூட்டம் நட்சத்திர விடுதியில் வேண்டாம். அம்பத்தூரிலேயே நடத்துங்கள். வருபவர்கள் பத்துப் பட்டறைகளுக்குள் நடந்து பார்க்கட்டும், தங்கள் ஆலையில் இறக்குமதியாகும் பொருட்களின் பட்டியலைக் கையோடு கொண்டு வரட்டும். அந்தப் பட்டியலில் எதை எங்களால் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை நாங்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். கூட்டத்துக்கான தேதியை உங்கள் துறைகள் முடிவு செய்து தொழிற்பேட்டைச் சங்கங்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சேர்ந்த ஃபிக்ஸ்சர் பட்டறைக்காரர் ஒருவர்